மைனஸ் இருபதில் வாசல் தெளித்தவன்

பொங்கல் அன்று காலை ஏழு மணி. நான் வாசலில் மல்லாந்து கிடக்கிறேன். தலைக்கு மேலே நட்சத்திரங்கள்.

காலையில் ஏது நட்சத்திரம் என்று கேட்பீர்கள். பின்லாந்தில் நான் இருந்த கிராமத்தில் ஜனவரி மாதத்துச் சூரியன் ஜெனரல் ஷிப்டுக்குக்கூட நேரத்துக்கு வராது. ஒன்பதரைக்கு மேல் வந்து, மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து நடந்துவிட்டு, மூன்று மணிக்கெல்லாம் கார்டு அடித்துவிட்டுக் கிளம்பிவிடும். முன்னும் பின்னும் ஒரே நீலம். ஊரையே நீலம் போட்ட தண்ணீரில் முக்கி எடுத்து உதறாமல் வைத்த மாதிரி.

என் மீசையில் அரிசி மாவு. ஸ்வெட்டரில் அரிசி மாவு. பக்கத்தில் கவிழ்ந்த தட்டு. ரப்பர் செருப்பில் ஒன்று காலில் இருந்தது, இன்னொன்று எங்கோ பனிக்குள் போய்விட்டது. வலது மணிக்கட்டு மட்டும் யாரோ அடுத்தவருடையது மாதிரி இருந்தது. வலி இன்னும் வரவில்லை. அந்தக் குளிரில் வலிகூட லேட்டாகத்தான் வருகிறது.

சத்தமே இல்லை. நாய் இல்லை, காக்கா இல்லை, ஷேர் ஆட்டோ ஹாரன் இல்லை. என் மூச்சு வெள்ளையாக எழும்பி, நட்சத்திரத்துக்கும் எனக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு காணாமல் போனது. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ‘பரவாயில்லையே, நம்ம யோக்கியதைக்கு நல்ல இடமாத்தான் கொடுத்திருக்காங்க’ என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது.

அப்போதுதான் பனியை மிதித்துக்கொண்டு யாரோ வரும் சத்தம் கேட்டது. புதுச் செருப்பு கிறீச்சிடுவது மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிறீச். நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பெக்கா, பக்கத்து வீட்டில் இருப்பவர். என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். சுவரில் அடித்திருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தார்.

“மைனஸ் ட்வென்டி” என்றார். அதற்கப்புறம்தான் என்னைத் தூக்கினார்.

அவரிடம் பாஸ்போர்ட் இல்லை, என்னிடம் சமையல் இல்லை

போன வாரம் இந்தத் தொடரில் வந்த, விமானத்தில் ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லி நான் சண்டை போட்ட கதையைப் படித்துவிட்டு, ஒரகடம் கூட்டுரோடு டீக்கடையில் ஒரு தம்பி பிடித்துக்கொண்டான்.

“கோதண்டண்ணே, இத நீயாண்ணே எய்துற?”

நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். நான் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவன். காம்பவுண்டு சுவர் நன்றாகவே கட்டியிருந்தார்கள்.

அப்படிப்பட்டவன் பின்லாந்துக்கு எப்படிப் போனேன் என்பதைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு மறுபடி சொல்கிறேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் நான் பாத்திரம் கழுவுகிறவன். கம்பெனி வாங்கிய ஒரு பெரிய மிஷினைப் பழகிவர, அது தயாராகும் ஊருக்கு இன்ஜினியர் பிள்ளைகள் ஏழு பேரை அனுப்பினார்கள். அதற்கு முன்னால் போன பேட்ச் ரொட்டியைத் தின்று பாதி உடம்போடு திரும்பியிருந்தது. அதனால் இந்த முறை ஒரு குக்கையும் சேர்த்து அனுப்புவது என்று முடிவானது.

கேன்டீன் மாஸ்டர் கையில் தேன் ஒழுகும். ஆனால் அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. எப்போதோ துபாய் போகிறேன் என்று கிளம்பி, திரிசூலத்தில் ஏர்போர்ட் வாசலை மட்டும் பார்த்துவிட்டு வந்த என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. சமையல்தான் இல்லை. காண்டிராக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கோதண்டம், உன்ன குக்குன்னு எய்திக் குடுத்துட்டேன். ஏப்ரல் வரைக்கும் தாக்குப் புடிச்சிட்டு அவங்களோட வந்தீன்னா, வந்து அடுப்பாண்ட நில்லு. நடுவுல ஓடியாந்தீன்னா திரும்ப குழாயாண்டதான். புரிஞ்சிச்சா?”

புரிந்தது. வீட்டில் செல்விக்கு என்னைவிட நன்றாகப் புரிந்தது. நான் விமானம் ஏறுவதற்குள் ‘எங்க வூட்டுக்காரு குக்கா போறாரு’ என்று தெரு முழுக்க, அவள் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். குழாய் என்கிற வார்த்தையையே வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று ஆகிவிட்டது.

ஒரு சொம்புத் தண்ணீர்

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில். எங்கள் பக்கம் குளிர் என்றால், மார்கழியில் மின்விசிறியை இரண்டில் வைப்பது. காலை ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஏதோ இமயமலை ஏறுகிறவர்கள் மாதிரி பஸ் ஸ்டாப்பில் நிற்பார்கள். அவ்வளவுதான் எங்கள் குளிர்.

எந்தக் குளிரிலும் மழையிலும் ஒன்று மட்டும் நிற்காது. விடிகிறதோ இல்லையோ, வாசலில் தண்ணீர் விழுந்தாக வேண்டும். ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடும் செல்வி நாலரைக்கே தெளித்து நாலு புள்ளி வைத்துவிட்டுத்தான் ஓடுவாள். டிசம்பர் மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடிய வருஷம், அந்தத் தண்ணீரின் மேலேயே சொம்பில் தண்ணீர் மொண்டு தெளித்தவள் அவள்.

அன்றைக்குப் பொங்கல் லீவு. அங்கே மணி பத்து, எனக்கு ஆறரை. வீடியோவில் வந்தாள்.

“வாசலக் காட்டுய்யா.”

காட்டினேன்.

“இன்னாய்யா இது, சுண்ணாம்பு அடிச்சா மாரி கீது? தண்ணி தெளிக்கலியா?”

“செல்வி, இது பனி. வெளிய மைனஸ்ல கீது.”

“மைனஸ்னா இன்னா, பிளஸ்னா இன்னா? நாள் கெயம அதுவுமா எட்டு பேரு சாப்புடுற வூட்டு வாசல் காஞ்சிகினு கெடக்கலாமா? ஒரு சொம்புத் தண்ணிதானய்யா, கை தேஞ்சிடுமா?”

தேயாது. ஆனால் பாத்திரம் கழுவுகிறவனுக்கு ஒரு சொம்பு என்பதெல்லாம் தண்ணீரே இல்லை. பக்கெட் நிறைய எடுத்தேன். குளிருமே என்று நினைத்து, புத்திசாலித்தனமாக வெந்நீர் வேறு கலந்தேன். சிமெண்ட் படியிலிருந்து பாதைவரை பனியைத் தள்ளிவிட்டு, அகலக் கையால் வீசித் தெளித்தேன். புஸ்ஸென்று புகை கிளம்பியது. புகை விலகியபோது வாசல் கடப்பாக்கல் மாதிரி மினுமினுத்தது. என் கல்யாணத்துக்குக்கூட வாசல் அப்படி மின்னவில்லை. ரொம்பப் பெருமையாக உள்ளே போய், கோலத்துக்கு அரிசி மாவுத் தட்டை எடுத்துக்கொண்டு, அதே பெருமையோடு ரப்பர் செருப்பில் வெளியே காலை வைத்தேன்.

தண்ணீர் தெளித்தால் தண்ணீராகத்தான் கிடக்கும் என்று நினைத்து நாற்பது வருஷம் வாழ்ந்துவிட்டவன் நான். அந்த நாற்பது வருஷமும் ஒரு நொடியில் காலுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது.

இடது கையால் பறந்த விமானம்

பெக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டினவர், தனி ஆள். பத்துப் பன்னிரண்டு மாடு, ஒரு டிராக்டர். குளிர்காலம் முழுக்க மாடுகள் கொட்டகைக்குள்ளேயே நிற்கும். பனி கொட்டினால் டிராக்டரின் முன்னால் தகடு மாட்டி ஊரார் வாசலையெல்லாம் வழித்துவிடுவார். பேச்சு மட்டும் கிடையாது. காலையில் பார்த்தால் எத்தனை மைனஸ் என்று சொல்வார். அதுதான் அவருக்கு வணக்கம், நலமா, சாப்பிட்டாயா எல்லாம்.

அவர் சமையலறைக்கு என்னைத் தூக்கிப்போய் உட்காரவைத்ததும் வலி வந்து சேர்ந்தது. மணிக்கட்டு பன்னு மாதிரி வீங்கிவிட்டது. அவர் போனை எடுத்து “டாக்டர்” என்றார்.

“நோ டாக்டர்! ஐயையோ, நோ நோ!”

டாக்டரிடம் போனால் கம்பெனிக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரிந்தால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். ஊருக்குப் போனால் குழாய். இவ்வளவையும் எந்தப் பாஷையில் சொல்வது? இடது கையை விமானம் ஆக்கி, ‘உய்ய்ய்’ என்று சத்தம் போட்டு, மேஜைக்கு மேலே பறக்கவிட்டு, ஒரகடத்தில் இறக்கினேன். பிறகு பாத்திரம் தேய்த்துக் காட்டினேன். பிறகு அழுது காட்டினேன். அந்தக் கடைசி மட்டும் நடிப்பில்லை.

பெக்கா அந்த விமானம் இறங்கிய இடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனை வைத்துவிட்டு, அடுப்புக்கு வைத்திருந்த விறகிலிருந்து இரண்டு மெல்லிய சிம்பைச் சீவி, கம்பளிச் சாக்ஸ் ஒன்றின் நுனியை வெட்டி, கட்டுப் போட்டுவிட்டார். மாட்டுக் காலுக்குப் போட்டுப் பழகிய கை. இறுக்கமாகவே இருந்தது.

அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலை நான் சொல்லச் சொல்லக் கிண்டியவர் அவர்தான்.

வாய் என்னுடையது, கை அவருடையது

மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. இன்ஜினியர் பிள்ளைகள் வேனில் ஏறிப்போனதும், பால் கறந்து முடித்த பெக்கா பின்வாசல் வழியாக வருவார். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேன்டீன் மாஸ்டர் செய்யப் பார்த்ததையெல்லாம் தமிழில் சொல்வேன். அவர் அவருடைய பாஷையில் பேசாமல் இருப்பார்.

“அண்ணே, வெங்காயம் பொடிசா. இன்னும் பொடிசா. அண்ணே, அது வெங்காயம், வெறகு இல்லண்ணே!”

வெங்காயம் கண்ணைக் கரித்ததும் வெளியே போனார். வெயிலில் மின்னும் பனி கண்ணைக் கூசாமல் இருக்க வைத்திருந்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து மிச்சத்தை நறுக்கினார். வில்லன் மாதிரி இருந்தது.

தோசைதான் அதிசயம். அவர்கள் ஊரிலும் மெல்லிசாகக் கல்லில் ஊற்றும் ஒரு பலகாரம் உண்டாம். வட்டமென்றால் அப்படி ஒரு வட்டம்.

“கோதண்டண்ணே, தோச சூப்பர்ணே” என்று பிள்ளைகள் பாராட்டுவார்கள்.

“எல்லாம் கைப்பக்குவம் சார்” என்று வெட்கமில்லாமல் தலையை ஆட்டுவேன். யார் கை என்று யாரும் கேட்கவில்லையே.

இடது கையால் பரிமாறினால் மாட்டிக்கொள்வேன். அதனால் எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிட்டு, “இந்த ஊர்ல எல்லாம் பஃபேதான் சார்” என்று சொல்லிவிட்டேன். கையைக் கேட்டால் குளிர் என்று கம்பளி உறைக்குள் வைத்துக்கொள்வேன். அந்த ஊரில் குளிர் என்று சொன்னால் எதையும் நம்புவார்கள்.

ஒருநாள் பெக்கா ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்துப் பிடித்த சின்ன மீன்களைக் கொண்டுவந்தார். நெத்திலிக்குச் சித்தப்பா மாதிரி இருந்தன. புளியும் மிளகாயும் போட்டுக் குழம்பு வைக்கச் சொன்னேன். ஒரு வாய் சாப்பிட்டார். முகம் தக்காளி ஆனது. எழுந்து வெளியே போய்க் குல்லாயைக் கழற்றிவிட்டுப் பனியில் நின்றார். தலையிலிருந்து ஆவி பறந்தது, இட்லிப் பானையின் மூடியைத் திறந்த மாதிரி. ஆவி அடங்கியதும் உள்ளே வந்து, தட்டை நீட்டி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

வாசனை திரும்பிய நாள்

அந்த நாட்களை இப்போது நினைத்தால் தூங்கும்போது பார்த்த மாதிரிதான் இருக்கிறது. பனியில் எத்தனையோ ஜாதி உண்டு. ஜனவரிப் பனி கூவைக்கிழங்கு மாவு மாதிரி. பிடித்தால் பிடிபடாது, ஊதினால் பறக்கும். பிப்ரவரியில் மரமெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளை மயிர் முளைத்து நிற்கும். சூரியன் வந்து ஒரு தட்டுத் தட்டினால் சத்தமில்லாமல் உதிரும். அப்புறம் பனியின் மேலே அப்பளம் மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும். காலையில் அதன்மேல் நடந்து வயலைக் கடந்து போகலாம். மத்தியானம் வெயிலில் ஓடு இளகிவிடும், திரும்பும்போது தொடைவரை உள்ளே போய்விடுவோம். நான் போயிருக்கிறேன். பெக்கா மண்வெட்டியோடு வந்து என்னைத் தோண்டி எடுத்தார், கிழங்கு எடுக்கிற மாதிரி.

நான் கவனிக்காத ஒன்று உண்டு. வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வெளியே எந்த வாசனையும் இல்லை. குளிர் எல்லா வாசனையையும் பூட்டி வைத்துவிடுகிறது. ஒருநாள் கூரையிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. ஒரு சின்னக் குருவி இரண்டே சுருதியில் கத்திக்கொண்டே இருந்தது. கொட்டகைக் கதவைத் திறந்தார் பெக்கா. குப்பென்று வந்தது மாட்டுச் சாணி வாசனை.

நின்றுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். சாணி வாசனைக்குக் கண்கலங்கியவன் அந்த நாட்டு வரலாற்றிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பெக்கா எனக்காகக் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்தார்.

பிரபா சாருக்குக் காய்ச்சல்

அந்த வாரம்தான் மாட்டினேன். டீம் லீடர் பிரபா சார் நம் வாலாஜாபாத் பிள்ளை, முப்பது வயதுகூட இல்லை. காய்ச்சல் என்று மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். சமையலறையில் பெக்கா என் லுங்கியை இடுப்பில் கட்டிக்கொண்டு தோசை ஊற்றுகிறார். நான் சாக்ஸ் கட்டிய கையை மடியில் வைத்து, நாற்காலியில் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்து, “கொஞ்சம் முறுவலா விடுண்ணே” என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிரபா சார் வாசற்படியில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணே… இதுல யாருண்ணே குக்கு?”

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எலும்பில் விரிசல், சரியாகச் சேரவில்லை, இனிமேல் மாவுக்கட்டுதான் என்றார்கள். திரும்பும் வழி முழுக்கக் கெஞ்சினேன்.

“சார், இன்னும் கொஞ்ச நாள்தான் சார். பெக்கா கீறாரு. சமையல் நிக்காது சார்.”

“எனக்கு மட்டும் ஆசையாண்ணே? இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டேன்றான். கையொடஞ்ச ஆள வெச்சிகினு வேல வாங்குறன்னு என் தலதான் உருளும். உங்களுக்கு ஒரே ஒரு டிக்கெட் போட்டுத் தராங்க. அத விட்டா அப்புறம் ஏப்ரல்ல எல்லாரும் கௌம்பும்போதுதான்.”

ஊருக்குப் போன் போட்டேன். செல்வி வரிசையாகத் திட்டப் போகிறாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

“கை நோவுதா?” என்றாள்.

“இல்ல.”

“சரி வா. குழாயாண்ட நின்னா இப்போ இன்னா, அதுவும் சோறுதான் போடுது.” அப்புறம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. “நான்தான்யா ஒரு சொம்புன்னு சொன்னேன்.”

“நான்தான் பக்கெட்ல ஊத்தினேன்” என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது

கிளம்ப வேண்டிய நாள் காலையில் தெர்மாமீட்டரைப் பார்த்தால் பூஜ்யத்துக்கு மேலே நாலு. ரோடெல்லாம் பனியும் சேறும் கலந்த கூழ். கிராமத்துக்குள் டாக்ஸி வராது என்று சொல்லிவிட்டார்கள். மெயின் ரோட்டில் மத்தியானம் ஒரே ஒரு பஸ். அதில் போனால்தான் ஏர்போர்ட். பிள்ளைகளுக்கு ஷிப்ட். பெக்கா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, டிராக்டரைக் காட்டினார்.

பால் கறக்க ஐந்தரை என்றால் ஐந்தரைக்கு வாளியோடு நிற்கிற மனுஷன். அவர் கூட்டிப்போகிறார் என்றதும் பிரபா சார் நிம்மதியாக வேனில் ஏறினார். நான் பெட்டியோடு டிராக்டரில் ஏறினேன்.

டிராக்டர் எருமை மாதிரி நடந்தது. இருபக்கமும் வயல்கள். வெள்ளைக்கு நடுவில் அங்கங்கே கறுப்பாக மண் தெரிய ஆரம்பித்திருந்தது. கால்வாயில் பனிக்கு அடியில் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குத் தெரிந்தது. அழக்கூடாது என்று வைராக்கியமாக மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தினார். தகட்டை இறக்கி, தானாகவே உருகிக்கொண்டிருந்த பனியை மெதுவாக வழித்து ஓரத்தில் ஒதுக்கினார். நல்ல மனுஷன், போகிற வழியில் ஒரு உதவி என்று நினைத்தேன்.

மரப்பாலத்தில் மறுபடி நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். கீழே ஓடையில் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போயின. கண்ணாடி வளையல் அடுக்கிய கைகள் கூட்டமாகப் போகிற சத்தம். இரண்டு பேரும் கேட்டோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு அவர் அக்கா வீட்டில் நிறுத்தினார். காபி வந்தது. பன்னில் ஏலக்காய் வாசனை, நம் ஊர்ப் பாயசத்தில் வருகிற அதே வாசனை. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, பஸ்ஸு” என்றேன்.

பெக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொண்டார். பிறகு கோப்பையை நீட்டி இன்னொரு காபி கேட்டார்.

“பெக்காண்ணே, பஸ்ஸு பூடும்ணே!”

அவர் அக்கா என் பெட்டியைப் பார்த்தார், கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், தம்பியிடம் என்னமோ கேட்டார். பெக்கா ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, எனக்கு இன்னொரு பன்னு எடுத்து வைத்தார்.

மூன்றாவது காபிக்குத்தான் என் மரமண்டைக்கு எட்டியது. பெக்காவின் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் போல ஒன்றுமே இல்லை அதில். பன்னை நிதானமாகக் கடித்தேன்.

மறுபடி டிராக்டர். சந்து முடிந்து மெயின் ரோட்டில் திரும்பப் போகிறோம். எதிரே தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் பெக்காவைப் பார்த்துக் கையாட்டினார். பெக்காவும் கையாட்டினார். நான் சும்மா இருப்பது மரியாதை இல்லை என்று, மாவுக்கட்டோடு இருந்த கையையும் தூக்கி, இரண்டு கையாலும் ஆட்டினேன்.